இரவல் வாங்கிக் கொடுத்த கவலை

எனக்கு எண்பத்து நாலு வயசு. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. மற்ற ரெண்டும் என் நாத்தனார் பிள்ளைகள். ஆறு பேரும் நன்றாக இருக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிப்போடுகிறேன். இந்த வாரம் நான் சொல்லப்போவதைக் கேட்டால், இந்தப் பொம்பளை எப்படி ஆறு பேரை ஆளாக்கினாள் என்று உங்களுக்குச் சந்தேகம் வரும்.

வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் பேத்தி நித்யா. நான் மூணாவது வரைக்கும் போனவள். அச்செழுத்து என்றால் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். ஆனால் காந்திபுரத்தில் நான் பஸ் போர்டைப் படித்து முடிப்பதற்குள் பஸ் அடுத்த ஸ்டாப்புக்குப் போயிருக்கும். கையெழுத்து என்றால் சுத்தமாக ஆகாது.

அந்தக் காந்திபுரத்தில்தான் இந்தக் கதை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்துக்குள் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். அதற்கு மேல் மாடி, மாடியில் ஒரு தாழ்வாரம்.

எனக்கு எதிரில் ஒரு முக்காலி. முக்காலி மேல் டேப் ரெக்கார்டர். சிவப்புப் பித்தான் அமுங்கியிருக்கிறது, உள்ளே நாடா சுற்றுகிறது. அந்தப் பக்கம் ஜமீலா டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கீழேயிருந்து பத்துப் பதினைந்து மெஷின் ஒரே நேரத்தில் தட்டுகிற சத்தம், ஓட்டு மேல் கல்மழை பெய்கிற மாதிரி.

"உங்க மனசுல என்ன இருக்குதோ அதைச் சொல்லுங்கம்மா. அவசரமில்லீங்க."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். "எங்கூட்டுக்காரரு தெனமும் குடிச்சுப்போட்டு வாராரு அம்மணி."

எங்கள் ஊட்டுக்காரர் மோரைத் தவிர வேறொன்றும் குடித்தவர் இல்லை. ஊசி போடுவதற்கு முன்னால் நர்சம்மா தடவுகிற ஸ்பிரிட் வாசத்துக்கே தலை சுத்துகிறது என்று பெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

தபாலில் வந்த எம்.ஏ.

நான் எதற்கு அந்த மாடிக்குப் போனேன் என்று சொல்ல வேண்டும்.

என் பெரிய மருமகள் சுமதி பி.ஏ. படித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெரியவன் பெருந்துறை எஸ்டேட்டில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். ஷிப்ட் மாறி மாறி வரும். அவன் தூங்கும்போது நாங்கள் பேசக்கூடாது, நாங்கள் தூங்கும்போது அவன் சோறு கேட்பான். அந்த வீட்டில், நித்யா மூணு மாசக் குழந்தையாக இருக்கும்போது, ஒரு நாள் சுமதி வந்து நின்றாள்.

"ஏனுங்கத்தை, நான் தபால்ல எம்.ஏ. படிக்கட்டுங்களா?"

"என்ன எம்.ஏ.?"

"கவுன்சிலிங்குங்க. மனசு கஷ்டத்துல இருக்கறவங்க பேசறதைக் கேக்கற படிப்புங்க."

"கேக்கறதுக்கு எம்.ஏ.வா? எங்கூட வந்து தண்ணிப் பைப்புல நில்லு, ஒரே காலைல பி.எச்.டி. குடுத்தர்றேன்" என்றேன். அவள் சிரித்தாள். நான் சரி சொல்லிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் என் வாயை அப்படித்தான் மொழிபெயர்ப்பார்கள்.

அந்தக் காலேஜ் நோட்டீசில், வேலையை விடாமல், வீட்டை விடாமல், நினைத்த நேரத்தில் படிக்கலாம் என்று போட்டிருந்தது. அதை எழுத்துக்கூட்டி நானே படித்தேன். நினைத்த நேரம் என்பது ஆம்பளைக்கு வேறு, குழந்தை வைத்திருக்கிறவளுக்கு வேறு என்று அதில் போடவில்லை. சுமதிக்கு அது விடியக்காலம் நாலரை மணி, அப்புறம் குழந்தை தூங்குகிற இருபது நிமிஷம், அப்புறம் அரிசிப் பருப்புச் சோறு வேகிற நேரம். ஒரு பாடத்தை அவள் மூணு துண்டாகப் படிப்பாள்.

பழுப்பு உறையில் பாடம் வரும். கூடவே காசெட்டும் வரும். காய் அரியும்போது காசெட்டைப் போட்டுவிடுவாள். அதில் ஒரு அம்மா பேசுவார், "எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து, முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்" என்று. கண்ணும் இல்லாமல் முகமும் இல்லாமல் ஒரு பெட்டி சொல்கிறதே என்று நான் சிரிப்பேன். ஒரு தடவை நித்யா அந்த நாடாவை உருவித் தன்னைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளினோம். அதுக்கப்புறம் அந்த அம்மாவுக்கு அங்கங்கே குரல் கட்டிப்போகும்.

மாசத்தில் ரெண்டு சனி ஞாயிறு, கோயமுத்தூரில் அந்த மாடியில் நேரில் பாடம், காண்டாக்ட் கிளாஸ் என்பார்கள். பால் குடிக்கிற குழந்தையை விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் சுமதி படிக்கப் போனாள், நித்யா பால் குடிக்கப் போனாள், நான் நித்யாவைத் தூக்கிக்கொண்டு போனேன். பெருந்துறையில் பஸ் ஏறினால் ரெண்டு மணி நேரம். ஆக, அந்த எம்.ஏ.வுக்கு ஒரு நாள் விடாமல் வந்தது நான்தான். பரீட்சை ஒன்றுதான் எழுதவில்லை.

படித்தவர்கள் படித்த விதம்

அங்கே இருபது பேர் இருப்பார்கள். இருபது பேரையும் ஒரே நாளில் பார்த்தது ரெண்டு தடவை. பவானியில் ஜமக்காளச் சொசைட்டியில் வேலை பார்த்த ஒருத்தர் இருந்தார். எந்த ஊர் சென்டருக்கு வேண்டுமானாலும் போகலாம் என்பதால் ஒரு வாரம் இங்கே வருவார், ஒரு வாரம் சேலத்துக்குப் போவார். ஆறாம் பாடத்தை முதலில் கேட்டுவிட்டு அஞ்சாம் பாடத்துக்கு வந்து நிற்பார். "எனக்கு முடிவு தெரியுமுங்க, ஆரம்பந்தான் தெரியாது" என்பார்.

மத்தியானம் எல்லோரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிரிப்பார்கள். அப்போதுதான் நிஜமான கிளாஸ் நடக்கும். தனியாக வீட்டில் படித்துப் புரியாததை எல்லாம் அங்கே கேட்டுக்கொள்வார்கள். புத்தகத்தில் பத்துப் பக்கம் இருப்பதை, ஒருத்தர் ரசத்தைப் பிசைந்துகொண்டே ரெண்டு வார்த்தையில் சொல்லிவிடுவார். தபாலில் எல்லாம் வருகிறது, கூட உட்கார ஆள் மட்டும் வருவதில்லை என்று ஜமீலா சொல்லுவாள்.

ஜமீலாவுக்கு முப்பத்தைந்து இருக்கும். கோட்டைமேட்டுப் பக்கம் வீடு. ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஊட்டுக்காரருக்குக் கடிகாரக் கடை. அவள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு பேச ஒரு ஆளைப் போடப்போகிறார்கள். இந்த வருஷம் படிப்பு முடிந்தால் அந்த இடம் ஜமீலாவுக்கு. முடியாவிட்டால் வெளியாள் வந்துவிடுவார். அப்புறம் அந்த நாற்காலி காலியாக இன்னும் இருபது வருஷம் ஆகும். இதை அவள் என்னிடம் பெருமையாகச் சொல்லவில்லை. நித்யாவுக்குத் தலை சீவிக்கொண்டே சும்மா சொன்னாள்.

இல்லை என்று சொல்லத் தெரியாத குடும்பம்

ரெண்டாம் வருஷம் ஒரு வேலை கொடுத்தார்கள். ஒவ்வொருத்தரும் கவலை உள்ள ஒரு ஆளைப் பிடித்து, நாலு தடவை உட்காரவைத்துப் பேசவிட்டு, அதை டேப் எடுக்க வேண்டும். எடுத்ததை ஒரு வார்த்தை விடாமல் எழுதி அனுப்ப வேண்டும். சொந்த வீட்டு ஆள் கூடாது. யோசனை சொல்லக்கூடாது. கேட்கத்தான் வேண்டும். கேட்டதை வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது.

ஜமீலாவுக்கு நாலு பேர் கிடைத்தார்கள். நாலு பேரும் டேப் ரெக்கார்டரைப் பார்த்ததும் எழுந்து போனார்கள். கடைசியில் தாழ்வாரத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்கம்மா, உங்களுக்கு ஏதாச்சும் மனக்கஷ்டம் இருக்குதுங்களா?"

எனக்கா? நான் வளர்த்த ஆறில் அஞ்சு பேரைக் கட்டிக்கொடுத்தாயிற்று. பின்னால் பத்துத் தென்னை, பட்டியில் ரெண்டு மாடு. எனக்குக் கஷ்டம் என்று என் வாயால் சொல்வதா?

ஆனால் எங்கள் பக்கம் ஒரு பழக்கம். வீடு தேடி வந்து ஒருத்தர் மோர் கேட்டால், மோர் இல்லை என்று சொல்லமாட்டோம். "உக்காருங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்ப் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிடுவோம். வந்தவருக்கு அது யார் வீட்டு மோர் என்று தெரியாது. இல்லை என்ற சொல் எங்கள் வாசற்படியில் விழக்கூடாது.

ஜமீலா கவலை கேட்டு வந்தாள். என்னிடம் இல்லை. நான் என்ன செய்வேன்? பக்கத்து வீட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி பேர் வேண்டாம். அவள் மகள் இந்தப் பத்திரிகை வாங்குகிறாள். புருஷன் குடிப்பார், அவ்வளவுதான். அந்தப் புருஷனைத் தூக்கி எங்கள் ஊட்டுக்காரர் வேட்டியைக் கட்டிவிட்டு டேப்பில் உட்காரவைத்தேன்.

பேசப் பேச நான் ருசி கண்டுவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் பேச்சை நாற்பது நிமிஷம் யாரும் குறுக்கே பேசாமல் கேட்டதில்லை. ஜமீலா கேட்டாள். "உம்" என்பாள். "அது உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்குதுங்க" என்பாள். அப்படிக் கேட்கிறவளுக்கு வெறும் குடியை மட்டும் கொடுத்தால் போதுமா? ரெண்டாம் தடவை அவரைப் பஸ் ஸ்டாப்பில் படுக்கவைத்தேன். மூணாம் தடவை ஆட்டை விற்றுக் குடிக்கவைத்தேன். எங்களிடம் ஆடே கிடையாது.

அந்த மூணாம் தடவைதான் ஒன்று நடந்தது. "ஆட்டைப் பத்திக் கேட்டா பாதி சொல்றாரு, பாதி முழுங்கிப்போடறாரு அம்மணி" என்றேன். சும்மா வாயில் வந்ததுதான். ஜமீலா என் முகத்தைப் பார்த்து, "உங்ககிட்ட யாரும் முழுசாச் சொல்றதில்லைன்னு இருக்குதுங்களா?" என்றாள்.

எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. இல்லாத ஆட்டுக்கு நான் அழுதேன்.

கொய்யாப்பழத்தோடு வந்தவர்

அடுத்த காண்டாக்ட் கிளாசுக்கு வெளியூரிலிருந்து புரொபசரம்மா வந்திருந்தார். நல்ல டேப் ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன், யார் என்று பேர் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போட்டார். பேர் எதற்கு? ரெண்டு வருஷமாக அந்தத் தாழ்வாரத்தில் என் குரலைக் கேட்காதவர்கள் யார்? சன்னல் வழியாக எனக்கே கேட்டது. நான் அழுகிற இடமாகப் பார்த்துப் போட்டிருந்தார்.

அன்றைக்கு என்று பார்த்து எங்கள் ஊட்டுக்காரர் மோட்டார் சாமான் வாங்கக் கோயமுத்தூர் வந்தார். வந்தவர் படிக்கிற பிள்ளைகள் பசியோடு இருக்கும் என்று ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு மாடிப்படி ஏறினார். நான் தடுப்பதற்குள் கிளாசுக்குள் போய், "ஏனுங்க, பழம் கொண்டாந்தேனுங்க" என்று பையைத் தூக்கிக் காட்டினார்.

இருபது பேரும் அவரைப் பார்த்தார்கள். ஒருத்தரும் பழத்தைப் பார்க்கவில்லை. பவானிக்காரர் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

அவர் குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். கிழியவில்லை. என் பக்கம் திரும்பி, "ஏன் எல்லாரும் என்னையே பாக்கறாங்க?" என்றார்.

சுமதி எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. "மேடம், இவர் எங்க மாமாங்க. மோரைத் தவிர எதும் குடிக்கமாட்டாருங்க."

இப்போது இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

புரொபசரம்மா கத்தவில்லை. டேப்பை நிறுத்தினார். பொய்யான ஆளை வைத்துச் செய்ததை எடுத்துக்கொள்ள முடியாது, நாலு தடவையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார். தபாலில் சேர்க்கக் கடைசி நாளுக்கு மூணு வாரம்தான் இருந்தது. மூணு வாரத்தில் ஜமீலா எங்கே போய் ஆளைப் பிடிப்பாள்? அந்த நாற்காலி போனது போனதுதான் என்று எனக்கே தெரிந்தது.

ஜமீலா வெளியே வந்தாள். நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம், அது எனக்கு நன்றாக வரும். அவள் சொம்பில் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். "உடுங்கம்மா. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது ஊட்டுக்காரர் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார். அவிநாசி தாண்டியது. அப்புறம் திரும்பிக் கேட்டார்.

"நான் ஆட்டை வேற வித்துப்போட்டனா?"

"ஆமாங்க."

"நல்ல வெலைக்கா?"

அவர் அப்படி. சுமதி அப்படி இல்லை. எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் மரியாதை கூடும். "சோறு போடட்டுங்களாங்கத்தை. கொழம்பு ஊத்தட்டுங்களாங்க. போதுமுங்களா." நாலு நாள் அந்த மரியாதையைத் தின்றுகொண்டிருந்தேன்.

நின்றுபோன கடிகாரங்கள்

புதன்கிழமை காலையில், கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோயமுத்தூர் பஸ் ஏறினேன். டவுன் பஸ் போர்டைப் படிப்பதற்குள் ரெண்டு பஸ்ஸை விட்டு மூணாவதில் போய், ஒரு மாதிரியாக அந்தக் கடிகாரக் கடையைக் கண்டுபிடித்தேன். ஜமீலாவின் ஊட்டுக்காரர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியோடு நிமிர்ந்தார். பரீட்சைக்காக ஜமீலா லீவில் இருந்தாள்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்குது கண்ணு" என்றேன். "சின்னதுதான். ஆனா இது என்னுது."

அவள் உடனே டேப்பை எடுக்கவில்லை. புரொபசரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். அதே ஆள் என்றால் நாலு தடவையும் நிஜமாக இருக்க வேண்டும், கிளாசில் யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை என்றாராம். அப்புறம்தான் கடைக்கு மேலே இருந்த மாடிக்குக் கூட்டிப்போனாள்.

கீழே சுவர் முழுக்கக் கடிகாரம். ஒவ்வொன்றும் ஒரு நேரத்துக்கு மணி அடிக்கும். டேப்பில் விழுமே என்று அவர் ஏணி போட்டு ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தார். கடைசிக் கடிகாரம் நின்ற பிறகு வந்த அமைதியில் எனக்குப் பயமாகிவிட்டது.

சொன்னேன்.

என் சின்னவன் செந்தில், வடக்கே போர்வெல் லாரியோடு போனவன். இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர். மாசத்துக்கு ஒரு கடுதாசி போடுவான். சுமதிதான் படித்துக் காட்டுவாள். அவன் ரெண்டு பக்கம் நெருக்கி எழுதியிருப்பான். இவள் படித்தால் நாலே வரியில் முடிந்துவிடும். "சவுக்கியம், மழை இல்லை, சாப்பாடு பரவாயில்லை, எல்லாரையும் கேட்டதாச் சொல்லவும்." மீதி எங்கே போகிறது?

"உம்" என்றாள் ஜமீலா.

"எனக்குக் கண்ணு மங்கலுன்னு சொல்லி வெச்சிருக்கறேன். கண்ணாடி கூட வாங்கிப் போட்டுக்கிட்டேன். பத்து வருசமா அதையே சொல்லிப்போட்டு, இப்பப் போய் நீ ஏன் உட்டுப்போட்டுப் படிக்கறேன்னு அவளைக் கேட்டா, கண்ணாடியப் போட்டு நீங்களே படிங்கன்னுவா. அப்ப எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிருமே."

"சுமதிக்கு அது தெரியாதுங்களா?"

மடியிலிருந்து கடைசிக் கடுதாசியை எடுத்து நீட்டினேன். "இதை நீயே படிச்சுக் காமி. ஒரு நிமிசத்து வேலை."

அவள் கை முன்னால் வந்தது. வந்து பாதியில் நின்றுவிட்டது. "நான் இதைப் படிச்சுட்டா, அடுத்த கடுதாசிக்கு என்னம்மா பண்ணுவீங்க?"

"மறுக்கா இங்கதான் வருவேன்."

"உம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு கடுதாசி படிக்கமாட்டாத நீயெல்லாம் ஒரு டீச்சரா என்று கேட்டேன். அதுவும் டேப்பில் விழுந்தது. எழுந்து வந்துவிட்டேன். கடிகாரக்காரர் டீ கொடுத்தார், குடிக்காமல் வந்தேன். அடுத்த வாரம் மறுபடியும் அதே கோயிலைச் சொல்லிவிட்டுப் போனேன்.

எழுதினதைப் படித்தாள்

மூணாம் தடவை போனபோது, அதுவரைக்கும் எழுதினதைச் சரி பார்க்கணும் என்று ஜமீலா ஒரு நோட்டை எடுத்துவந்தாள். எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். நான் சொன்னது எல்லாம் அதில் இருந்தது. இருமினது, செருமினது, "மருமக என்னை ஏமாத்தறாளோன்னு நெனைக்கறேன், அப்படி நெனைக்கறதே எனக்கு அசிங்கமா இருக்குது" என்று சொன்னது, அவளை டீச்சரா என்று கேட்டது, எல்லாம். ஒரு இடத்தில் "அழுகிறார்" என்று படித்தாள்.

"நான் எங்க அழுதேன்? எனக்குச் சளி."

"டேப்புல இருக்குதுங்கம்மா. மாத்த முடியாதுங்க."

நான் பேசினதை யாரும் அதுவரைக்கும் எழுதினதில்லை. எழுதினாலும் எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டினதில்லை. ரேசன் கடை, பேங்க், பத்திர ஆபீஸ், எல்லா இடத்திலும் அவர்களாக எழுதிக்கொண்டு "இங்கே கையெழுத்துப் போடுங்க" என்பார்கள். இவள் முழுசாகப் படித்தாள். கேட்கக் கேட்க, இந்தப் பொம்பளை இத்தனை பிடிவாதம் பிடிக்காமல் மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று எனக்கே தோன்றியது. யாரோ ஒருத்தியைப் பற்றித் தோன்றுகிற மாதிரி.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். சுமதி பீன்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். காசெட் ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்தேன்.

"அம்மணி, செந்திலு கடுதாசியில நீ எதையோ உட்டுப்போட்டுப் படிக்கறே."

காசெட்டை நிறுத்தினாள். என்னை நேராகப் பார்த்தாள். "உம்" என்றாள்.

"எங்கிட்ட உம் கொட்டாத. எனக்குப் படிக்கத் தெரியாது. அது உனக்குத் தெரியும். முழுசாப் படி."

கையைத் துடைத்துக்கொண்டு எல்லாக் கடுதாசியையும் எடுத்துவந்தாள். தேதி பார்த்து அடுக்கி வைத்திருந்தாள். முதலிலிருந்து படித்தாள்.

காய்ச்சலில் பதினைந்து நாள் படுத்திருந்தேன், அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் அண்ணி என்று ஒன்றில் இருந்தது. அது ஒன்றுதான் அழுகிற சமாச்சாரம். மற்றது எல்லாம் என்னைப் பற்றி. "அம்மா வாய்க்கு நீங்கள் ஈடு கொடுப்பதால்தான் நாங்கள் வெளியூரில் நிம்மதியாக இருக்கிறோம் அண்ணி." "தீபாவளிக்கு வந்தால் பொண்ணுப் பார்க்கப் போகலாம் என்று அம்மா உட்கார்ந்துகொள்வார்கள், அதனால் பொங்கல் கழித்து வருகிறேன்." "அம்மா உங்கள் சமையலைக் குறை சொன்னால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நன்றாக இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார்கள்." இதைப் படிக்கும்போது சுமதியின் குரல் ஆடியது. சிரிப்பை அடக்கினாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இவள் வந்த நாளிலிருந்து நான் வஞ்சனை என்று நினைத்தது என் வாயைப் பற்றிய செய்தி. அதை என் காதில் போடாமல் இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பீன்ஸைப் பொடியா அரி" என்று சொல்லிவிட்டு மாட்டுப் பட்டிக்குப் போய்விட்டேன்.

நாற்காலி

நாலாம் தடவையும் போய் முடித்தேன். ஜமீலா கடைசி நாளுக்கு முந்தின நாள் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினாள். அவளும் சுமதியும் ரெண்டு பேருமே பாஸ். ஜமீலாவுக்கு அந்த நாற்காலி கிடைத்தது. ஓய்வு பெறுகிற வரைக்கும் அதில்தான் உட்கார்ந்தாள். அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்னென்ன சொல்லி அழுதார்களோ, ஒன்றும் வெளியே வந்ததில்லை.

என் சமாச்சாரமும் வரவில்லை. கடைசியில் எந்த ஆளை வைத்துச் செய்தாய் என்று சுமதி அவளிடம் பல தடவை கேட்டிருக்கிறாள். "ஒரு அம்மா" என்பாளாம். சுமதி இன்றைக்கு வரைக்கும், அத்தை அன்றைக்குக் கோயிலுக்குப் போய்வந்த புத்தியில்தான் கண்ணாடியைக் கழற்றினார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். சாமிக்குப் போன பேர் எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

நானாக அவளிடம் எதுவும் சொன்னதில்லை. மன்னிப்பு என்று ஒரு சொல், நன்றி என்று ஒரு சொல், ரெண்டையும் நான் வளர்த்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான் கற்றுக்கொள்ளவில்லை.

எழுதிப்போட்டயா கண்ணு? பேனாவை வை. உங்கம்மா அடுக்களையிலதான் இருக்கறா, மிக்சி நின்னுபோச்சு. இப்ப மொதல்லருந்து படி. அங்க கேக்கற மாதிரி சத்தமாப் படி. ஒரு வார்த்தை உட்டுப்போடாம படி.